ஃபுஜி முதியவரின் அருளுள்ளம்

நல்லவரைப் படைப்பது தீயவரைப் படைப்பதினும் அரிது. தீயவனுக்குச் செயல் உண்டு, சூழ்ச்சி உண்டு. அவன் உள்ளே வந்தால் கதை தானே நகரும். நல்லவருக்கோ பெரும்பாலும் அறிவுரை ஒன்றுதான் எஞ்சுகிறது. நரைத்த தலையும் கனிந்த முகமும் கொடுத்து, இரண்டு நன்மொழிகளைச் சொல்ல வைத்து, அவரை ஓர் ஓரத்தில் அமர்த்திவிடுவர். நாடகத்திலும் நாவலிலும் காணப்படும் இக்குறை வீடியோ விளையாட்டுகளில் இன்னும் மிகுதி. அங்கே நல்ல முதியவர் என்பவர் பொருள் வழங்கும் பெட்டியாகவே பெரிதும் பயன்படுகிறார். தலைவன் வருவான், பேச்சைக் கேட்பான், பொருளைப் பெறுவான், போய்விடுவான். மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், நிண்டெண்டோவின் கேம் பாய் என்னும் சிறு கருவிக்காக, ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்ற தலைப்பில் சிவப்பு, பச்சை என இரண்டு விளையாட்டுகள் ஜப்பானில் வெளியாயின. 1998 செப்டம்பரில் சிவப்பு, நீலம் என்னும் பெயர்களோடு அவை வட அமெரிக்காவில் ஆங்கில வடிவம் பெற்றன. பின்னர் உலகெங்கும் ‘போக்கிமோன்’ எனப் புகழ்பெற்ற அந்தத் தொடரின் முதற்கதையிலேயே ஃபுஜி என்றொரு முதியவர் வருகிறார். அவரும் ஒரு பொருளை வழங்கத்தான் செய்கிறார். ஆயினும் அவர் பெட்டி அல்லர். அஃது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

போக்கிமோன் என்ற சொல்லை, மாணவரின் பையிலிருந்து பறித்த சீட்டுக் கட்டுகளின் வாயிலாக மட்டுமே அறிந்த ஆசிரியர்களும் உளர். அவர்தம் பொருட்டு விளையாட்டின் போக்கைச் சிறிது சொல்லுதல் வேண்டும். ஒரு சிறுவன் தன் சிற்றூரை விட்டுப் புறப்படுகிறான். புல்வெளியிலும் குகையிலும் கடலிலும் வாழும் விந்தை உயிர்களைக் கைப்பந்துகளில் பிடிக்கிறான், பழக்குகிறான், பிறருடைய உயிர்களோடு மோதவிடுகிறான். எட்டு ஊர்களில் எட்டுத் தலைவர்களை வென்று எட்டுப் பதக்கம் பெறவேண்டும். 150 வகை உயிர்களையும் பிடித்து ஏட்டில் பதியவேண்டும். விளையாட்டை ஆக்கிய கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் சதோஷி தஜிரி, தோக்கியோவைச் சார்ந்த மச்சிதாவில் வளர்ந்தவர். சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த இன்பமே இதற்கு வித்து என்பது பலரும் அறிந்த செய்தி. சேர்த்தலும் எண்ணுதலும் ஒப்பிடுதலுமே இவ்வுலகின் இயல்பு. ஒவ்வோர் உயிருக்கும் வலிமை இவ்வளவு, விரைவு இவ்வளவு என்று எண் உண்டு.

இவ்வுலகில் சிறுவனைச் சந்திக்கும் பெரியோர் பலரும் நல்லவர்களே. பேராசிரியர் ஓக் முதல் உயிரையும் பதிவேட்டையும் தருகிறார். பில் என்பார் கப்பற் சீட்டுத் தருகிறார். கப்பல் தலைவர் முதுகைத் தடவிவிட்டதற்கு நன்றியாக மரம் வெட்டும் திறனைக் கற்பிக்கும் கருவியைத் தருகிறார். வெர்மிலியன் நகரில் போக்கிமோன் ஆர்வலர் மன்றத்தின் தலைவர் ஒருவர் இருக்கிறார். தம்முடைய ரேப்பிடாஷ் என்னும் தீப்பிடரிக் குதிரையின் பெருமையை மூச்சுவிடாமல் பேசித் தீர்த்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்த பொறுமைக்குப் பரிசாக மிதிவண்டிச் சீட்டை நீட்டுகிறார். இவரை எளிதில் தள்ளிவிடலாகாது. இவரிடம் உள்ளதும் அன்புதான். ஆனால் அது ‘என் குதிரை’ என்னும் அன்பு. ஃபுஜி முதியவரின் உள்ளத்தை அளப்பதற்கு இம்மன்றத் தலைவர் நல்ல அளவுகோலாக நிற்கிறார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இவ்விளையாட்டில் உயிர்கள் மோதிக்கொண்டாலும் சாவதில்லை. மயங்கி விழுகின்றன, அவ்வளவே. மருத்துவ மனைக்குக் கொண்டு சென்றால் சில நொடிகளில் தெளிந்துவிடும். ஆகவே பல மணி நேரம் ஆடிய பின்னும், சாவு என்ற ஒன்று இவ்வுலகில் உண்டு என்ற எண்ணமே ஆடுவோருக்குத் தோன்றாது. இந்நிலையில் இருள் சூழ்ந்த பாறைச் சுரங்கத்தைக் கடந்து சிறுவன் லாவெண்டர் ஊரை அடைகிறான். அங்கே ஏழு மாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் மாடிகள்தோறும் கல்லறைகள்! இறந்த போக்கிமோன்களின் இடுகாடு அது.

ஊர்ப் பெயரிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. மூலத்தில் ஊர்களுக்கு நிறப்பெயர்களை இட்டனர். இவ்வூரின் ஜப்பானியப் பெயர் ஷியோன். ஊதா நிற மலர் ஒன்றின் பெயரும் அதுவே. ‘கொன்ஜாக்கு மோனொகத்தாரி’ என்ற பழைய ஜப்பானியக் கதைத் தொகுப்பில், தந்தையை இழந்த சகோதரர் இருவரின் கதை வருகிறது. துயரை மறக்க விரும்பிய அண்ணன் கல்லறையருகே மறதிப்பூண்டை நடுகிறான். மறக்க விரும்பாத தம்பி நட்டது ஷியோனை. விளையாட்டின் ஆசிரியர் இதை எண்ணித்தான் பெயரிட்டாரோ, வெறும் நிறத்துக்காக இட்டாரோ, அதனால் பொருள் குறைவதில்லை. மறவாமையின் மலர்ப்பெயர் இடுகாட்டு ஊருக்கு அமைந்திருக்கிறது. ஃபுஜி என்ற ஒலிக்கும் ஜப்பானிய மொழியில் ஊதாக் கொத்து மலர் தரும் கொடியொன்று பொருளாகும். மலையின் பெயர் என்றே நினைத்திருப்போருக்கு இது புதிதாக இருக்கலாம்.

முதியவரை ஆசிரியர் அறிமுகம் செய்யும் முறை கவனிக்கத்தக்கது. சிறுவன் அவர் வீட்டுக்குச் செல்கிறான். அவர் அங்கே இல்லை. ‘எங்கே போனார்?’ என்று வீட்டிலுள்ளோர் கவலைப்படுகின்றனர். கைவிடப்பட்டவையும் தாயற்றவையுமான உயிர்களை அவர் வளர்க்கிறார் என்று ஒரு சிறுமி சொல்கிறாள். சைடக் என்னும் வாத்தும் நிடோரினோ என்னும் கொம்புயிரும் வீட்டிற்குள் உலவுகின்றன. இவை சண்டைக்கு வருவனவல்ல. கைப்பந்தை எறியவும் இயலாது. பேசினால் ஒரு குரல் கொடுக்கும், அவ்வளவே. அது வரையில் எதிர்ப்பட்ட ஒவ்வோர் உயிரையும் ‘இது நமக்கு உதவுமா?’ என்று கணக்கிட்டு வந்த சிறுவன், இங்கே எந்தக் கணக்கிலும் சேராத உயிர்களின் நடுவே நிற்கிறான். அவற்றைச் சேர்த்துவைத்த மனிதர் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. இல்லாதவரைக் காட்டி இருப்பவரினும் தெளிவாக உணர்த்துவது நாடகத்தில் தேர்ந்தோர் கையாளும் உத்தி. எழுத்துகளுக்கு இடமே இல்லாத கேம் பாயின் குறுந்திரையில், சில வரி உரையாடலால் அதைச் சாதித்திருப்பது சிறிய காரியமன்று.

பக்கத்து வீடொன்றில் கியூபோன் என்னும் குட்டி இருக்கிறது. ராக்கெட் கும்பல் என்ற கொள்ளைக் கூட்டத்தாரிடமிருந்து தப்பியோட முயன்றபோது அதன் தாய் மாரோவாக் கொல்லப்பட்டது என்ற செய்தி அங்கே கிடைக்கிறது. கியூபோன் இனம் இறந்த தாயின் மண்டையோட்டைத் தலையில் அணிந்திருப்பது என்றும், அதன் அழுகை அவ்வோட்டுக்குள் எதிரொலித்துச் சோக இசையாக வெளிவரும் என்றும் 1998இல் வந்த மஞ்சள் பதிப்பின் உயிர்க்குறிப்பு கூறுகிறது. சிறுவர் விளையாட்டுக்கு இது மிகக் கனத்த செய்தி. ஆசிரியர் இதை அழுத்திச் சொல்லாமல் ஒரு குட்டியின் மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கோபுரத்தின் முதல் மாடியில் துயருற்றோர் நிற்கின்றனர். ஒருத்தி தன் கிளெஃபேரிக்காக அழுகிறாள். இன்னொருவர் குரோலித் என்னும் நாயுயிரின் பெயரைச் சொல்லி, ஏன் இறந்தாய் என்று கேட்கிறார். இரண்டாம் மாடியிலோ பேராசிரியரின் பேரன், சிறுவனின் போட்டியாளன், வழிமறிக்கிறான். உன் உயிர்கள் சாகவில்லையே, வேண்டுமானால் நான் மயங்கவைக்கிறேன் என்று ஏளனம் பேசிச் சண்டைக்கு இழுக்கிறான். அழுகைக்குரல் அடங்குமுன் எழும் இந்தச் சிரிப்பு செவிக்குக் கசப்பாகவே இருக்கிறது. கசப்பாக இருக்கவேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள் போலும். அப்பேரன் தீயவன் அல்லன். தான் வாழும் உலகின் வழக்கமான பேச்சையே இடம் தெரியாமல் பேசிவிட்டான். அந்தப் பேச்சு கல்லறைகளுக்கு நடுவே எப்படி ஒலிக்கும் என்பதை ஆடுவோர் கேட்டுக்கொள்கின்றனர்.

மேல்மாடிகளில் உருத்தெரியாத ஆவிகள் எதிர்ப்படுகின்றன. சிறுவனின் உயிர்கள் அஞ்சி அசைவதில்லை. அவற்றின் உண்மை உருவைக் காட்டும் சில்ஃப் நோக்கி என்ற கருவி வேண்டும். அது கிடைக்குமிடம் செலடன் நகரின் சூதாட்டக் கூடத்துக்கு அடியில் உள்ள ராக்கெட் கும்பலின் மறைவிடம். அதன் தலைவன் ஜியோவானியை வென்றபின் கருவி கைக்கு வருகிறது. தாயைக் கொன்ற கூட்டத்திடமிருந்தே தாயின் முகத்தைக் காணும் கண் கிடைக்கிறது.

ஆறாம் மாடியில் மேலேறும் படிக்கட்டை ஓர் ஆவி காத்து நிற்கிறது. நோக்கியின் வழியே பார்க்கும்போது அது மாரோவாக் எனத் தெரிகிறது. இதன்மேல் கைப்பந்தை எறிந்தால் பந்து விலகிப்போகும். இவ்வுயிரைப் பிடிக்க இயலாது என்ற அறிவிப்பு வரும். எல்லாவற்றையும் பிடித்துச் சேர்க்கவேண்டும் என்று சிறுவனை ஏவிய விளையாட்டு, பிடிக்கலாகாத ஒன்றை முதன்முறையாக அவன்முன் நிறுத்துகிறது. அஃது ஒரு தாயின் துயரம்.

அடுத்த மாடியில் ராக்கெட் கும்பலைச் சேர்ந்த மூவர் நிற்கின்றனர். அவர்களுள் ஒருவன் சொல்லும் செய்தியில் ஒரு சொல் இந்த ஆய்வுக்கே உயிரானது. பயனற்ற போக்கிமோன்களைத் தாங்கள் வதைப்பதாகக் குறை சொல்லிக்கொண்டு இந்தக் கிழவர் வந்தார், பெரியவர்களாகப் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறான் அவன். இன்னொருவனோ போக்கிமோன்களால் பணம் பண்ணுவதைத் தவிர வேறென்ன பயன் என்கிறான். ‘பயனற்ற’ என்ற சொல்லைத் தீயோன் வாயில் வைத்த ஆசிரியரின் துணிவைப் பாராட்டவேண்டும். ஏனெனில் விளையாட்டின் வழிமுறையே பயனுள்ளதைத் தேர்ந்து பயனற்றதை ஒதுக்குவதுதான். வலிமை குறைந்த உயிரைப் பெட்டியில் போட்டுவிட்டு வலிய உயிரை உடன்கொண்டு செல்லாத ஆட்டக்காரர் எவர்? கொள்ளையன் சொல்வதைக் கேட்டுச் சினந்த சிறுவன் தன் கைக்கணக்கையும் ஒருகணம் எண்ணிப் பார்க்க நேர்கிறது. அறிவுரை எதுவும் சொல்லாமலே அச்சொல் இவ்வேலையைச் செய்துவிடுகிறது.

மூவரும் ஓடிய பின்னர்தான் முதியவர் முதன்முறையாகக் காட்சி தருகிறார். தன்னைக் காப்பாற்ற ஒருவன் வந்திருப்பது அவருக்கு வியப்பாக இருக்கிறது. நன்றி சொல்கிறார், ஆனால் தாம் பிடித்துக்கொண்டு வரப்படவில்லை, தாமாகவே வந்தவர் என்கிறார். கியூபோனின் தாயின் ஆவியை அமைதிப்படுத்தவே வந்தாராம். அது மறுவுலகம் சென்றுவிட்டது என்று தாம் கருதுவதாகவும் சொல்லி, வீட்டுக்கு அழைக்கிறார்.

விளையாட்டுகளில் மீட்கப்படும் மனிதர் செய்வதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கண்ணீர் மல்க நன்றி கூறுவர். பகைவனின் கொடுமையை விரித்துரைப்பர். தலைவனின் வீரத்தைப் புகழ்வர். ஃபுஜி இம்மூன்றில் முதலாவதைச் சுருக்கமாகச் செய்கிறார்; மற்ற இரண்டையும் செய்யவே இல்லை. ராக்கெட் கும்பலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூவருக்கு நடுவே தனியாக நின்றவர் அதைத் துன்பமாகவே கணக்கில் கொள்ளவில்லை. அவருடைய நினைவு முழுவதும் ஒரு மாடி கீழே நின்ற அந்தத் தாயிடம் இருக்கிறது. இறந்துபோன உயிர் அது, அவருக்குச் சொந்தமானதன்று, அதனால் இனி எவருக்கும் எந்தப் பயனும் இல்லை. இரக்கத்தை இதைவிடக் குறைந்த சொற்களில் ஒரு விளையாட்டு காட்டியதுண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

தமிழில் அன்பு, அருள் என்னும் இருசொற்களுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் கைகொடுக்கிறது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகண்டோர் விளக்குவர். வெர்மிலியன் நகர் மன்றத் தலைவர் தம் குதிரைமேல் கொண்டது முன்னது. லாவெண்டர் ஊர் முதியவரிடம் காணப்படுவது பின்னது. இதனால் ஜப்பானிய விளையாட்டொன்றில் குறட்கருத்து புகுந்துவிட்டது என்று கொள்ளவேண்டா. அம்மண்ணுக்கே உரிய வழக்கம் ஒன்று இப்பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. இறந்த உயிருக்கும் தேய்ந்த பொருளுக்கும் செய்யும் நினைவுச் சடங்கை அவர்கள் ‘குயோ’ என்பர். உடைந்த தையல் ஊசிகளை மென்மையான டோஃபுக் கட்டியில் செருகி அவற்றின் உழைப்புக்கு நன்றி செலுத்தும் சடங்கு பிப்ரவரி 8ஆம் நாள் பல கோயில்களில் நடைபெறுகிறது. வளர்ப்பு விலங்குகளுக்கான இடுகாடுகளும் அங்கே உண்டு. ஆகவே போக்கிமோன் கோபுரம் ஜப்பானியச் சிறுவருக்குப் புதுமையன்று. புதுமை எதுவென்றால், ஊசியாவது தைத்துக் கொடுத்தது. ஃபுஜி வீட்டு உயிர்கள் அவருக்கு எதையும் செய்து கொடுத்தவையல்ல.

வீட்டுக்குத் திரும்பியதும், உயிர்களிடத்து அன்பில்லையேல் உன் முயற்சி நிறைவேறாமல் போகலாம் என்ற கருத்தில் ஒரு சொல் சொல்லி, ஒரு குழலை அளிக்கிறார். ‘பெட்டி’ என்ற குற்றச்சாட்டு எழக்கூடிய இடம் இதுதான். ஊர்களுக்கிடையே இரண்டு பாதைகளில் ஸ்நோர்லாக்ஸ் என்னும் பெருவயிற்று உயிர் படுத்துறங்குகிறது. குழலூதினாலன்றி அது எழாது. அது எழுந்தாலன்றித் தெற்கே செல்ல வழியில்லை. கதையை முன்னே தள்ளவே முதியவரைப் படைத்தார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எத்தனையோ பொருளிருக்க அவர் கையில் ஏன் குழலை வைத்தார்கள்? அது பிடிப்பதற்கான கருவியன்று, அடிப்பதற்கானதன்று; உறங்கும் உயிரை எழுப்புவது. ஒருமுறை ஊதினால் தீர்ந்துபோவதும் அன்று. சிறுவன் அதை ஊதி ஸ்நோர்லாக்ஸை எழுப்பியதும் அது சினந்து சண்டைக்கு வருகிறது என்பது வேறு கதை. கொடுத்தவரின் உள்ளம் வாங்கியவனின் தொழிலை மாற்றிவிடவில்லை. சிறுவன் பழையபடியே பிடிக்கிறான், மோதவிடுகிறான். இந்த நேர்மை விளையாட்டுக்கு உண்டு.

ஆனால் குறையும் உண்டு. அதை மறைத்தல் திறனாய்வாகாது. தாயின் ஆவி எவ்வாறு அமைதியடைகிறது? சிறுவன் அதனோடு போரிட்டு வீழ்த்துகிறான். வீழ்ந்ததும் தாயின் ஆவி அமைதியுற்று மறுவுலகம் சென்றது என்ற அறிவிப்பு வருகிறது. அடித்து வீழ்த்துவதா அமைதி? முதியவர் வேண்டுதலால் செய்யவந்த காரியத்தைச் சிறுவன் அடிதடியால் முடித்துவிட்டான். போரைத் தவிர வேறு மொழியே இல்லாத விளையாட்டு இதைத்தான் செய்யமுடியும் என்று அமைதி கூறலாம். எனினும் முதியவர் அதை ஏற்று நன்றி கூறுவதுபோல் அமைத்தது, அவர் பாத்திரத்தைச் சற்றே மங்கச் செய்கிறது. இன்னொரு விந்தையும் உண்டு. முதற்பதிப்புகளில் பொம்மையொன்றை ஆவியின்முன் எறிந்துவிட்டுச் சண்டையிலிருந்து நழுவினால், வென்றதாகவே விளையாட்டு எடுத்துக்கொள்ளும், படிக்கட்டும் திறந்துவிடும். மேலே சென்றால், தாயின் ஆவி மறுவுலகம் சென்றுவிட்டது என்று முதியவர் அதே நம்பிக்கையோடு சொல்கிறார். ஆக்கியோரின் கவனக்குறைவால் நேர்ந்த ஓட்டை இது. பொம்மையைக் கண்டு நின்ற தாய்க்கு இனி அமைதி ஏது என்று எண்ணும்போது, முதியவரின் சொல் சிறுவனின் நெஞ்சில் தைக்கத்தான் செய்யும்.

இனி, ஃபுஜியைப் பற்றி ஆர்வலரிடையே வேரூன்றிவிட்ட ஒரு கருத்தை நோக்கவேண்டும். அவர் முன்னாளில் அறிவியலாளர், மியூட்டூ என்னும் கொடிய செயற்கை உயிரை ஆக்கியவர், அந்தப் பாவத்தைக் கழுவவே அநாதை உயிர்களை வளர்க்கிறார் என்பது அது. இதற்குச் சான்று இல்லாமலில்லை. சின்னபார் தீவின் ஆய்வுக் கூடத்தில் ஒரு நிழற்படம் தொங்குகிறது. கூடத்தை நிறுவிய டாக்டர் ஃபுஜியின் படம் என்று விளையாட்டே சொல்கிறது. அதே தீவின் பாழ்மாளிகையில் நாட்குறிப்புகள் கிடக்கின்றன. தென் அமெரிக்காவின் கயானாக் காட்டில் புதிய உயிரொன்றைக் கண்டது, அதற்கு மியூ எனப் பெயரிட்டது, மியூ ஈன்றதற்கு மியூட்டூ என்று பெயரிட்டது, அதன் கொடுமையை அடக்க முடியாமல் தோற்றது ஆகியவை அவற்றில் நாள்வாரியாக உள்ளன. 2004இல் வந்த மறுபதிப்பில் தீவின் தலைவர் பிளெயினும் ஃபுஜியும் தோளோடு தோள் நின்று சிரிக்கும் படமும் சேர்ந்தது. ஆகவே முதியவருக்கும் அத்தீவுக்கும் தொடர்பு இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

ஆனால் நாட்குறிப்பில் கையொப்பம் இல்லை. எழுதியவர் யார் என்பதை முதல் விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. 1998 ஜூலையில் ஜப்பானில் வெளியான முதல் திரைப்படத்தில் மியூட்டூவை ஆக்கும் டாக்டர் ஃபுஜி வருகிறார் என்பது உண்மை. அக்கதையின் விரிந்த வடிவத்தில், இறந்த மகளை மீட்கத் துடிக்கும் தந்தையாகவும் அவர் காட்டப்படுகிறார். அந்த ஃபுஜியின் ஆய்வுக் கூடத்தை மியூட்டூ தீக்கிரையாக்கிவிடுகிறது. அந்தத் தீயிலிருந்து தப்பி லாவெண்டர் ஊருக்கு வந்து கல்லறை காத்தார் என்று சொல்வதற்குத் திரைப்படத்தில் ஆதாரம் இல்லை. திரைப்படக் கதை வேறு, விளையாட்டுக் கதை வேறு. இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே மனிதராக்குவது கதைகளில் பற்று மிகுந்தோர் இயல்பு. பழம்புலவர் ஒரே பெயரினராயின் அவரை ஒருவரே என்று சாதிக்கும் ஆர்வமும் இவ்வகைத்தே.

சான்று நிற்கட்டும். இக்கருத்து ஏன் இத்துணை விரும்பப்படுகிறது என்பது இன்னும் சுவையான வினா. ஒருவர் காரணமின்றி நல்லவராக இருப்பதை ஏற்க மனம் கூசுகிறது. அவர் நல்லவரா, அப்படியானால் பழைய குற்றம் ஏதோ இருக்கவேண்டும் என்று தேடத் தொடங்குகிறது. குற்றம் கிடைத்தால் நிம்மதி. கடனுக்கு வட்டி கட்டுகிறார் என்று கணக்கு முடிந்துவிடும். எதையும் எண்ணால் அளக்கும் உலகில், கணக்குக்கு அடங்காத முதியவரையும் இப்படி ஒரு கணக்குக்குள் கொண்டுவந்துவிடலாம். கழுவாய் தேடும் ஃபுஜியும் மதிக்கத்தக்கவரே. ஆழம் மிகுந்த பாத்திரம் என்றுகூட ஒருசாரார் வாதிடுவர். தாம் ஆக்கிய உயிரைத் துறந்தவர், பிறர் துறந்த உயிர்களை எடுத்து வளர்க்கிறார் என்பதில் நாடகச் சுவை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வாறு கொண்டால், கோபுரத்தின் உச்சியில் அவர் பேசிய அந்தச் சில சொற்கள் தாய் மாரோவாக்கை நோக்கியவை ஆகாமல் அவரையே நோக்கித் திரும்பிவிடுகின்றன. அவர் கியூபோனின் தாயை நினைத்தார் என்பது போய், தம் பழம்பாவத்தை நினைத்தார் என்றாகிவிடுகிறது. மூலத்தில் அவர் தம்மைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. தம் பழங்கதை, தம் துயரம், தம் பெருமை எதையும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மௌனமாகவே விட்டுவைப்பது பாத்திரத்துக்குச் செய்யும் நீதி. ஆய்வுக் கூடத்துப் படத்தை மாட்டிவைத்த ஆசிரியரே, அதன்கீழ் மேற்கொண்டு ஒரு வரி எழுதாமல் நிறுத்திக்கொண்டார்.

1999 நவம்பரில் வெளிவந்த தங்கம், வெள்ளி என்னும் தொடர்ச்சியில் ஃபுஜி மீண்டும் வருகிறார். கதைப்படி மூன்றாண்டுகள் கழிந்துவிட்டன. லாவெண்டர் ஊர்க் கோபுரம் இப்போது இடுகாடன்று, வானொலி நிலையம். கல்லறைகளை ஊரில் ஒரு சிறு இல்லத்துக்கு மாற்றிவிட்டனர். மாற்றத்தைக் குறித்து அழுவாரும் இல்லை, கண்டிப்பாரும் இல்லை. ஊர் வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. உறங்கும் ஸ்நோர்லாக்ஸ் ஒன்று இக்கதையிலும் வழியடைத்துக் கிடக்கிறது. அதை எழுப்ப இம்முறை எவரும் முதியவரைத் தேடிச் செல்லவேண்டா. வானொலி நிலையத்தாரிடம் விரிவாக்கச் சீட்டைப் பெற்றுக் கருவியைத் திருப்பினால் குழலிசை அலைவரிசையிலேயே வந்துவிடுகிறது.

ஆகவே கதையை முன்னே தள்ளும் வேலை ஃபுஜிக்கு இப்போது இல்லை. அவரைச் சந்திக்காமலே விளையாட்டை முடித்துவிடலாம். பலர் முடித்தும் இருப்பர். தேடிச் செல்வோருக்கு அவர் கல்லறை இல்லத்துள் நிற்கக் காணலாம். உன் உயிர்களைப் பரிவோடு வளர்க்கிறாய் போலும் என்று புதிய சிறுவனிடம் சொல்லிவிட்டு, மறைந்த உயிர்களுக்காக ஒருகணம் நின்று வணங்கிப் போகும்படி வேண்டுகிறார். கையில் கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. சிறுவன் வணங்கினாலும் வணங்காவிட்டாலும் பதிவேட்டில் எண் கூடுவதில்லை.